இந்தப் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது?

(கொடைக்கானல் மலையிலுள்ள அட்டுவம்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாறு எழுத வேண்டும், எந்த நூலகத்துக்குப் போகலாம் என்று கேட்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பூட்டனார் புலவராகவோ ஜமீன்தாராகவோ இருந்தாலொழிய அவர் பெயர் எந்த நூலகத்திலும் இருக்காது. ஆனால் எங்கேயோ ஒரு காகிதத்தில் இருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று யாரும் அதை எழுதவில்லை. வரி வாங்குவதற்காக ஒருவர் எழுதினார். கடன் வசூலிக்க ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், கூலியில் பிடித்தம் செய்ய ஒருவர், கப்பலேற்ற ஒருவர், நாட்டைவிட்டு அனுப்ப ஒருவர். ஆகவே தேடப் புறப்படுமுன் ஒன்றை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது? தேவைப்பட்ட ஆள் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாரோ, காகிதமும் அங்கேதான் இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பிரிட்டனில் போதும். அங்கே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921ஆம் ஆண்டு வீட்டுப் படிவங்களை 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு பொறுத்துத் திறப்பது வழக்கம். 1950இன் ஏடுகள் 2022 ஏப்ரலில் வெளியாயின. நாமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தலை எண்ணி வருகிறோம். ஆனால் கூட்டுத் தொகையை அச்சடித்து வைத்துக்கொண்டு, பெயரெழுதிய சீட்டுகளைக் கழித்துக் கட்டிவிட்டோம். தனி ஆள் விவரத்தை யாரும் பார்வையிடக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. அந்த வழி அடைபட்ட வழி. விட்டுவிடுவோம்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். பரணில் மொய் நோட்டு இருக்கும், எடுங்கள். பிள்ளையார் சுழி, கல்யாணத் தேதி, அடுத்த வரியில் தாய்மாமன் சீர். அப்புறம் ஊர் ஊராகப் பெயர்கள்: பண்ணைக்காடு, பூலத்தூர், தாண்டிக்குடி, கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம். ஒரு நோட்டை மட்டும் படித்தால் அது வெறும் வரவுக் கணக்கு. அப்பத்தா கல்யாணத்து நோட்டையும் அத்தை கல்யாணத்து நோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் இருபது பேர் வந்த ஊரிலிருந்து இரண்டாவதில் ஒருவர்கூட இல்லையென்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு சாவுக்குப் போகாமல் விட்டிருக்கலாம், ஒரு பெண்ணைக் கேட்டுக் கொடுக்காமல் போயிருக்கலாம். வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டால் முதலில் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார்கள். விடாமல் கேளுங்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற கவலைதான் இந்த நோட்டை எழுதவைத்தது. கவலையோடு எழுதிய கணக்கில் பெயர்ப்பிழை குறைவு.

நகரத்தாரிடம் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உண்டு. அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. கல்யாணம் நடந்தால் கோயிலில் எழுதியாக வேண்டும். கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். கணவனோ மனைவியோ இறந்தபின் தனித்திருப்பவர் அரைப் புள்ளி. கோயில் வரி பிரிக்கப் புள்ளிக் கணக்கு தேவை, அதனால் ஏடு இருந்தது. மற்ற சமூகங்களில் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு இதே வேலையைச் செய்கிறது. கொடை எடுக்கிற வருஷம் மட்டும் வெளியே வரும் நோட்டு அது. பூசாரி வீட்டுப் பெட்டியில் கிடக்கும். மலையில் குடியிருப்பவர்கள் கீழ்நாட்டுக் கோயில்களையும் சேர்த்துத் தேட வேண்டும். இந்த மலையின் குன்னுவர் சமூகத்தார் நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் போருக்கோ பஞ்சத்துக்கோ அஞ்சித் தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து பழனி மலைக்கு ஏறி வந்ததாக 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் வழங்கிய செவிவழிச் செய்தி அது, சாசனமல்ல. ஆனாலும் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு ஒரு துப்பு. நூலகம் உதவுவது இப்படித்தான். பெயரைத் தராது, பெயர் இருக்கக்கூடிய ஊரைக் காட்டும்.

இனி அரசாங்கக் காகிதம். சார் பதிவாளர் அலுவலகத்தை வீடு விற்கவும் வில்லங்கம் பார்க்கவும் மட்டுமே நாம் மதிக்கிறோம். ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், சிவமதம், விவசாயம் என்று தொடங்கும். அதிலேயே இரண்டு தலைமுறையும் தொழிலும் வந்துவிட்டன. எனக்குப் பிடித்த பகுதி பின்னால் வருகிற நாலுமால். இந்த நிலத்துக்கு வடக்கே யார் புஞ்சை, தெற்கே யார் தோட்டம் என்று நான்கு எல்லையும் ஆள் பெயரால் சொல்லப்பட்டிருக்கும். ஒரே தகப்பன் சொத்தைப் பாகம் பிரித்தவர்கள் அடுத்தடுத்துத்தானே இருப்பார்கள்? எல்லைக்காரர்களைக் கூட்டிச் சேர்த்தால் பாதிப் பங்காளிகள் கிடைத்துவிடுவார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடாத பெண்களும் அங்கே தென்படுவார்கள். தன் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லாத கைம்பெண், பக்கத்துக் காட்டுக்காரர் பத்திரத்தில் 'இன்னம்மாள் நிலத்துக்குத் தெற்கு' என்று நிற்பாள்.

இதில் சட்டம் நம் பக்கம் என்பது பலருக்குத் தெரியாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, நிலப் பத்திரங்கள் ஏறியிருக்கும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம். அட்டவணை இரண்டு வகை: ஒன்று ஆள் பெயர் வரிசை, மற்றது ஊர், நிலம் வரிசை. உயில்கள் ஏறியிருப்பது மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அது அவருக்கு மட்டும். அவர் காலமானபின் யார் கேட்டாலும் நகல் தர வேண்டும். உயிலில் மகள்கள் பெயர் வரும். ஒன்றும் கொடுக்காமல் விடுவதற்காகவாவது பெயரைச் சொல்லியிருப்பார்கள். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975 முதல்தான். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு நேரில் போய் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985 செப்டம்பரில். அதற்கு முன் இந்த மலை மதுரை மாவட்டம். பழைய வருவாய்க் காகிதத்தைத் திண்டுக்கல்லில் தேடி இல்லை என்று வீடு திரும்பியவர்கள் உண்டு. மதுரையையும் சென்னை எழும்பூரையும் நினைவில் வையுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புக் கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ரெக்கார்டு ஆபீசாகத் தொடங்கியது. 1973இல் இன்றைய பெயர் பெற்றது. அங்கே போய் 'என் தாத்தா' என்று கேட்டால் எடுத்துத் தர ஏடு கிடையாது. துறை, ஆண்டு, எண் சொல்லிக் கேட்க வேண்டும். ஆண்டு பசலி என்ற வருவாய்க் கணக்கில் இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஜூலையில் தொடங்கும்.

அங்குள்ளவற்றில் குடும்ப வரலாற்றுக்கு ஆகப் பெரிய புதையல் இனாம் பதிவேடுகள் என்பேன். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய், வரியில்லாமல் நிலம் அனுபவிப்பவர்களை உட்காரவைத்து விசாரித்தது. இந்த மானியம் முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது யார் கையில், அவருக்கு வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு இவர் என்ன முறை என்று கட்டம் கட்டி எழுதினார்கள். மானியம் நிலைக்க வேண்டுமானால் வம்சத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாவிதர், வண்ணார், தச்சர், குயவர், கோயில் மேளக்காரர் என்று ஊர் ஊழியக்காரர் குடும்பங்களெல்லாம் இதில் வருகின்றன. தேவதாசி மானியங்கள் பெண்கள் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தாய், மகள், மகளின் மகள் என்று வரிசை போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசாங்கக் காகிதத்தில் தாய்வழி வம்சம் இவ்வளவு துலக்கமாக வேறெங்கும் கிடைப்பது அரிது. அந்தக் குடும்பங்களில் பல இன்று அந்தப் பக்கத்தைத் திறக்க விரும்புவதில்லை. அதுவும் அவர்கள் உரிமைதான்.

இந்த மலையிலேயே இருக்கும் காப்பகத்துக்கு வருகிறேன். செண்பகனூரை அருங்காட்சியகத்துக்காகச் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியும். அங்கே இயேசு சபையார் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி வளாகத்தில் மதுரை மாநிலத்து இயேசு சபை ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1830களின் இறுதியில் பிரெஞ்சு குருக்கள் புதிய மதுரை மிஷனைத் தொடங்கியதிலிருந்து எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், பங்கு வரலாறுகள் பிரெஞ்சு, லத்தீன், தமிழ் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமங்களின் சாதிச் சச்சரவு, திருவிழா மரியாதைத் தகராறு, பஞ்சத்தில் இடம்பெயர்ந்தவர்கள் கதை இவற்றையெல்லாம் ஆராய வெளிநாட்டு அறிஞர்கள் இந்த மலை ஏறி வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வழியாகப் பேருந்தில் தினமும் போகிறார்கள்.

ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகள் பொதுவாக அந்தந்தப் பங்குக் கோயிலில்தான் இருக்கும். முதல் இரண்டும் பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் வகுத்த ஒழுங்கு. ஞானஸ்நானப் பதிவில் தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று நால்வர் பெயரும் வரும். லத்தீனில் எழுதிய பக்கத்தில் இராயப்பனைத் தேடினால் அகப்படமாட்டார். பெத்ருஸ் என்று தேட வேண்டும். சின்னப்பன் பவுலுஸாகவும் அருளப்பன் யோவான்னெஸாகவும் உட்கார்ந்திருப்பார்கள்.

இதைவிடச் சுவையான காகிதம் ஒன்று உண்டு. திருச்சபைச் சட்டப்படி நெருங்கிய இரத்த உறவில் கல்யாணம் கூடாது. நமக்கோ அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்கள். அக்காள் மகளையும் விடுவதில்லை. இரண்டையும் சமாளிக்க வழி, பங்குச் சாமியார் மூலம் ஆயராகிய மேற்றிராணியாரிடம் அனுமதி கேட்பது. அனுமதி வேண்டுமென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் எந்தப் பாட்டன் பாட்டியில் ஒன்று கூடுகிறார்கள் என்று விளக்கியாக வேண்டும். முறைப்பெண் வழக்கம் விடாமல் நடந்ததால் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு வம்ச விளக்கம் எழுத்தில் கிடைத்திருக்கிறது. மாமன் மகளைக் கட்டாதவர் வீட்டில் அது இல்லை.

கொடைக்கானலுக்கு முதலில் வீடு கட்ட வந்த அமெரிக்க மதுரை மிஷனின் காகிதங்கள் கடல் கடந்துவிட்டன. 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் அவர்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. மதுரைச் சீமையின் உபதேசியார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் பைபிள் பெண்களும் அந்தக் கடிதங்களில்தான் உலவுகிறார்கள். ஆங்கிலேயர் குடும்பங்களுக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, கல்யாண, அடக்க விவரங்கள் 1698 முதல் அங்கே உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு அது வேண்டியிராது.

வேண்டியது வேறொன்று. இந்த மலையில், பெருமாள்மலைப் பக்கமும் சுற்றுக் கிராமங்களிலும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் தீர்மானமானது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று காகிதத்தில் பெயர் வைத்தார்கள். அவர்களில் பலருக்குத் தாயைப் பெற்றவளே தோட்டத்தில் பிறந்தவள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரி, கொடைக்கானல் என்று பிரிந்தார்கள். இங்கே வந்தவர்களில் பலர் வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கும் வேலைக்குக் காண்டிராக்டர்களிடம் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டதும், 1980களில் அது கொத்தடிமை வழக்காக வெளியே வந்ததும் இந்த மலையின் வரலாறு. அந்த மீட்புக் கோப்புகளும் ஒருவகையில் குடும்ப ஆவணம்தான்.

குடும்ப வரலாறு என்றால் நமக்கு எதுவுமில்லை என்று இந்த வீடுகளில் சொல்வார்கள். நான் பார்த்த அளவில், நிலபுலன் வைத்திருந்த பல குடும்பங்களைவிட இவர்களிடம்தான் காகிதம் அதிகம். ஏனென்றால் ஒவ்வொரு அரசும் இவர்களை 'நீ யார்' என்று கேட்டது. டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இந்தியப் பாஸ்போர்ட், கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, அதில் வீட்டாள் ஒவ்வொருவர் பெயரும் வயதும் முறையும். அடியில் இலங்கைப் பிறப்புச் சான்று. பிறந்த தோட்டம், தாய், தகப்பன். தோட்டத்தில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு இருந்தது. தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போட்ட ஆளுக்குத்தான் கூலி. பெண்களுக்குத் தனிப் பேர், தனிக் கூலி. ஊரில் இருந்திருந்தால் 'இன்னார் பெண்சாதி' என்று போயிருக்கக்கூடிய பெண், கொழுந்து பறித்ததால் சொந்தப் பெயரோடு ஏட்டில் ஏறினாள். கங்காணிக்கும் துரைக்கும் அந்தப் பெயர் தேவைப்பட்டது. மதிப்பினால் அல்ல, கொழுந்து எடையின் றாத்தல் கணக்குக்காக.

இலங்கையில் 1948இல் இவர்களுக்குக் குடியுரிமை போனபின் கொண்டுவந்த 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. தொடர்ந்து குடியிருந்ததை ஆண்டு வாரியாக நிரூபிக்கச் சொன்னதால் ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு குடும்பக் கதை. தள்ளுபடியான விண்ணப்பமும் ஆராய்ச்சிக்கு அதே அளவு பெறும். கொழும்பில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டி சொல்லும் தோட்டப் பெயர் தமிழ்ப் பெயராக இருக்கும். சான்றிதழில் இங்கிலீஷ் பெயர் இருக்கும். இரண்டுக்கும் துளிகூட ஒட்டு உறவு இராது. பெர்குசன் இலங்கை டைரக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து ஒப்பிட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் போனவர்கள் இன்னும் துல்லியமாக எழுதப்பட்டார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து டுரூரோ கப்பல் கிளம்பியது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் பதிவாயின, உடம்பிலிருந்த தழும்புகூட. மொரீஷியசில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் புகைப்படங்களே இருக்கின்றன. ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக எடுத்தவை. டர்பனிலிருந்து யாராவது வந்து மதுரை ஜில்லாவில் தங்கள் ஊரைத் தேடினால், அவர்கள் கையிலிருக்கும் காகிதம் நம்மிடம் இருப்பதைவிடத் திருத்தமானது. ஊரைவிட்டுப் போகாதவர்களுக்குத் தழும்புக் குறிப்பு கிடையாது.

பெண்கள் பயிலும் இந்த வளாகத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது வாக்காளர் பட்டியலிலிருந்து ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயரை நீக்கினார்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருக்கு மனைவி, இன்னாருக்கு மகள் என்றே எழுதவைத்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது. நாம் இங்கே பெயரைச் சொல்லிவிட்டோம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஊரும் இன்ஷியலும் மாறிவிடுவதால் அதே பெண்ணைப் பிறந்த வீட்டுக் காகிதத்தோடு ஒட்டவைப்பது பாடாக இருக்கிறது. ஒட்டவைக்க உதவுவது பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. இரண்டாம் வகுப்போடு நின்ற பெண்ணானாலும் தகப்பன் பெயரோடு அதில் இருப்பாள். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அது தலைமையாசிரியர் வைத்தது.

எந்த ஏட்டிலும் ஏறாதவர்களும் இதே மலையில் இருக்கிறார்கள். பழங்குடிகளான பளியர்களில் பெரும்பாலோருக்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. காட்டில் இருந்தவர்களை வனத்துறை எழுதியது பெரும்பாலும் குற்றமாகத்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கின்றன. ஊர் முதியவர்களின் வாய்மொழியை எழுதிக்கொடுத்தால் அதுவும் சான்று. பழைய ஆவணத்தில் இருக்கும் ஒருவர்வரை வம்சாவளியைக் கொண்டுபோய்க் காட்டினால் அதுவும் சான்று. இவ்வளவு நேரம் நான் சொன்ன காகிதங்களையெல்லாம் மற்றவர்கள் தங்கள் தேவைக்காக எழுதினார்கள். இந்த வம்சாவளி பளியர்களுக்கே தேவைப்படுவது. நூலகத்துறை மாணவியர் செய்யக்கூடிய வேலை இதைவிட வேறென்ன இருக்கிறது?

ஆகவே ஒரு யோசனையோடு முடிக்கிறேன். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தமிழ்க் கிராமங்களில் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பஞ்சாயத்து முறிகளையும் நிலக் காகிதங்களையும் படமெடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தில் சேர்த்தது. மூலம் வீட்டுக்காரரிடமே இருந்தது. ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் கோட்டையூரில் கல்யாணப் பத்திரிகைகளைக்கூடச் சேர்த்துவைத்ததால் இன்று சென்னைத் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது. 1984இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகம் சுற்றிலுமுள்ள மலைக் கிராமங்களுக்கு இதைச் செய்யலாம். மொய் நோட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துப் பிறப்புச் சான்று, வரி நோட்டு எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே படமெடுத்துவிட்டு மூலத்தை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். கொத்தடிமைக் கோப்புகளையும் சாதிப் பெயர் வரும் பக்கங்களையும் குடும்பத்தார் சம்மதமில்லாமல் திறக்கக் கூடாது. அட்டவணையில் தாய் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்க வேண்டும்.

படமெடுப்பது இலேசு, படிப்பதுதான் சிரமம். அடங்கலும் பழைய சிட்டாவும் தமிழ் எண்களில், கணக்குப்பிள்ளைகளின் கூட்டெழுத்தில் இருக்கின்றன. பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அப்போது இருபத்தைந்து வயதில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் சிலர் இந்த வட்டாரத்திலேயே இருப்பார்கள். வரும் பருவத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர்களை இங்கே வரவழைத்து அடங்கல் படிக்கச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். போக்குவரத்துச் செலவையும் சன்மானத்தையும் இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்பது என் விண்ணப்பம்.